மழைக்கும் வெயிலுக்கும் நடுவே ஒரு கேமரா

கேப்டன் லின்னேயஸ் டிரைப் (1822 – 1902)

– மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் துறை மாணவன்



நம்ம பக்கத்து வானத்தை நம்பி யாராவது துணி காயப் போட முடியுமா? ஐப்பசி பிறந்துவிட்டால் போதும். கும்மிடிப்பூண்டியில் சுள்ளென்று வெயில் அடிக்கும். ரயில் பொன்னேரி வருவதற்குள் வானம் கறுத்துவிடும். பழவேற்காட்டுப் பக்கமிருந்து காற்று கிளம்பினால் அவ்வளவுதான், குடை கூட நம்ம பேச்சைக் கேட்காது. அந்த நேரத்தில் வயல்காட்டையும் ஏரிக்கரையையும் பார்த்தால் அழகோ அழகு! உடனே எல்லோரும் பாக்கெட்டில் இருந்து போனை எடுத்து ஒரு கிளிக் போட்டுவிடுகிறோம். வெளிச்சம் கம்மியா, அதிகமா என்று நாம் கவலைப்படுவதே இல்லை. கவலைப்படும் வேலையை உள்ளே இருக்கும் சிப் பார்த்துக்கொள்கிறது.

ஆனால் ஏறக்குறைய 170 வருடத்துக்கு முன்னால், இதே தமிழ்நாட்டின் வெயிலிலும் புழுதியிலும், மாட்டு வண்டியில் மரக் கேமராவை ஏற்றிக்கொண்டு ஒரு மனிதர் சுற்றினார். அவர் கையில் ஃபிலிம் ரோல் கிடையாது, சிப் கிடையாது. காகிதம், மெழுகு, வெள்ளி உப்பு, சூரியன், தண்ணீர் இவ்வளவுதான். அவர் எடுத்த படங்கள் இன்றைக்கும் மங்காமல் இருக்கின்றன. புகைப்பட வரலாறு படிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர் அது. நம்ம டிப்ளமோ மாணவர்களுக்குத்தான் அவ்வளவாகத் தெரியாது. அவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சிப்பாய் வேலைக்கு வந்த பையன்

இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன்போர்ட் என்று ஒரு துறைமுக ஊர். கப்பல் கட்டும் தளம், கடற்படை, பட்டறைச் சத்தம் என்று நம்ம எண்ணூர் மாதிரி எப்போதும் வேலை நடக்கும் இடம். அங்கே 1822 ஏப்ரல் 14 அன்று லின்னேயஸ் டிரைப் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் ஒன்பதாவது. செடி கொடிகளுக்கு விஞ்ஞானப் பெயர் வைக்கும் முறையைக் கொடுத்த சுவீடன் நாட்டு அறிஞரின் பெயரும் லின்னேயஸ்தான்.

பெரிய குடும்பம். பிள்ளைகள் சீக்கிரம் சம்பாதிக்கப் போக வேண்டிய நிலைமை. பதினேழு வயதை ஒட்டி டிரைப் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் சேர்ந்துவிட்டார். 12-வது சுதேசிக் காலாட்படை அவருடைய ரெஜிமென்ட். அவர் படையில் சேர்ந்த 1839-இல்தான் பாரிஸ் நகரில் புகைப்படம் என்ற கண்டுபிடிப்பே உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. இரண்டுக்கும் அன்று ஒரு சம்பந்தமும் இல்லை. இருவரும் சந்திக்க இன்னும் பன்னிரண்டு வருடம் ஆக வேண்டியிருந்தது.

1840-கள் முழுக்கத் தென்னிந்தியாவில் படை வேலை. பிறகு நீண்ட விடுப்பில் ஊருக்குப் போனார். 1850-இல் இருந்து 1854 வரை இங்கிலாந்தில் இருந்தபோதுதான் கேமராவைத் தொட்டார். லண்டன் புகைப்படச் சங்கம் 1853-இல் தொடங்கப்பட்டது. அந்த வருடமே டிரைப் அதில் உறுப்பினர். ஊரில் உள்ள கப்பல்களையும் துறைமுகத்தையும் எடுத்து எடுத்துப் பழகினார். அலையில் ஆடும் கப்பலை, நிமிடக்கணக்கில் மூடியைத் திறந்து வைக்கும் கேமராவில் எடுப்பது லேசான காரியமா? யாரும் சொல்லித்தராத பயிற்சி அது.

அந்தக் காலத்துப் படம் எப்படி வந்தது?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நம்ம கெமிஸ்ட்ரி லேப் கண் முன்னால் வந்து நிற்கும்.

முதலில் நல்ல மெல்லிய காகிதம் எடுக்க வேண்டும். அதைத் தேன்மெழுகில் ஊற வைத்து, சூடு பண்ணி, அதிகப்படி மெழுகை எடுத்துவிட வேண்டும். காகிதம் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் பதத்துக்கு வரும். பிரான்சில் குஸ்தாவ் லெ க்ரே என்பவர் 1851-இல் வெளியிட்ட முறை இது. அடுத்து அயோடைடு கரைசலில் முக்கிக் காய வைக்க வேண்டும். படம் எடுப்பதற்கு முன்னால் இருட்டில் சில்வர் நைட்ரேட் கரைசலில் போட்டு எடுத்தால் காகிதத்தில் சில்வர் அயோடைடு உண்டாகும். இப்போது அதற்கு ஒளி உணர்வு வந்துவிட்டது.

அதைக் கேமராவில் வைத்து நிமிடக்கணக்கில் திறந்து வைக்க வேண்டும். பிறகு மறுபடியும் இருட்டுக்குள் கொண்டுபோய் கேலிக் அமிலத்தில் டெவலப் செய்ய வேண்டும். ஹைப்போவில் நிலைநிறுத்த வேண்டும். நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். இத்தனையும் முடிந்தால் கையில் இருப்பது ஒரே ஒரு நெகட்டிவ்.

டிரைப்பின் நெகட்டிவ் ஏறக்குறைய ஒரு அடி உயரம், ஒன்றேகால் அடி அகலம். பெரிதாக்கும் கருவி அன்று புழக்கத்தில் இல்லை. பிரிண்ட் எவ்வளவு பெரிதாக வேண்டுமோ நெகட்டிவும் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும். கேமரா என்ன சைஸ் இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்!

கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி எடுக்கும் முறையும் அப்போது வந்துவிட்டது. படம் இன்னும் துல்லியமாக வரும். ஆனால் பூச்சு ஈரமாக இருக்கும்போதே எடுத்து, ஈரமாக இருக்கும்போதே டெவலப் செய்துவிட வேண்டும். நம்ம ஊர் வெயிலில் அது எத்தனை நிமிடம் தாங்கும்? மெழுகுக் காகிதமோ முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ள முடியும், உடையாது, கனமும் இல்லை. ஆகையால் பெரிய படங்களுக்கு டிரைப் காகிதத்தையே நம்பினார். வேலைக்கு ஏற்ற மெட்டீரியலைத் தேர்ந்தெடுப்பது என்று நமக்கு வாத்தியார்கள் சொல்வார்களே, அதுதான் இது.

ஹளேபீடு தந்த அறிமுகம்

1854-இல் டிரைப் கேப்டனாக இந்தியா திரும்பி பெங்களூர் வந்தார். அந்த வருடம் டிசம்பரில், டாக்டர் நீல் என்ற படை மருத்துவரோடு சேர்ந்து ஹளேபீடு, பேளூர் ஊர்களில் ஹொய்சளர் கோயில்களைப் படம் எடுத்தார். யாரும் உத்தரவு போட்டுச் செய்த வேலை இல்லை. சொந்த ஆர்வம், சொந்தச் செலவு.

அடுத்த வருடம், 1855-இல் மதராஸில் தென்னிந்தியப் பொருட்காட்சி ஒன்று நடந்தது. டிரைப் அதில் 68 படங்கள் வைத்தார். காகிதத்தில் எடுத்த காட்சிப் படங்களில் இவருடைய வரிசையே சிறந்தது என்று நடுவர்கள் முடிவு சொன்னார்கள். கம்பெனி நிர்வாகமும் அதே நேரத்தில் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. பழைய கட்டடங்களை ஓவியர் வைத்து வரைவதற்குப் பதிலாகக் கேமராவால் பதிவு செய்தால் செலவும் குறையும், துல்லியமும் கூடும் என்பது அந்த முடிவு. ஆள் தேடும்போது டிரைப்பின் பெயர் முன்னால் வந்து நின்றது.

பர்மா மழையில் முப்பத்தாறு நாள்

1852-இல் நடந்த போரில் ஆங்கிலேயர் பர்மாவின் பெகு பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். 1855-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி, பர்மிய அரசர் மிண்டோனிடம் ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். ஆர்தர் ஃபேய்ர் தலைவர், ஹென்றி யூல் செயலர். கோல்ஸ்வொர்தி கிராண்ட் என்ற ஓவியரும் கூட இருந்தார். புகைப்படக்காரர் யார்? நம்ம கேப்டன்தான்.

ஆகஸ்ட் முதல் தேதி ரங்கூனில் இருந்து ஐராவதி ஆற்றில் நீராவிக் கப்பல்கள் கிளம்பின. தேதியைக் கவனித்தீர்களா? ஆகஸ்ட்! பர்மாவில் அது மழைக்காலத்தின் நடுப்பகுதி. எந்தப் புகைப்படக்காரனும் தானாக இந்த மாதத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டான். ஆனால் தூதுக்குழுவின் தேதியை வானிலை பார்த்து யாரும் குறிக்கவில்லை. கப்பல் எந்த ஊரில் நிற்கிறதோ அங்கே இறங்க வேண்டும். நிற்கும் நேரத்துக்குள் இடம் பார்த்து, கேமராவை நிறுத்தி, இருட்டறைக் கூடாரம் போட்டு, எடுத்து முடித்துவிட வேண்டும். வானம் மூடியிருந்தால் அது டிரைப்பின் பாடு.

மழைக்காலத்தில் என்னென்ன கெடும் என்று பாருங்கள். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் காகிதம் காயாது. மேகம் சூரியனை மறைத்தால் எக்ஸ்போஷர் கணக்கு மாறிவிடும். ஐந்து நிமிடம் என்று போட்டுத் திறந்து வைத்த பிறகு, மூன்றாவது நிமிடத்தில் மேகம் வந்தால் என்ன செய்வது? லைட் மீட்டர் கிடையாது. கண்ணால் பார்த்து, மனசால் கூட்டிக் கழித்து மூட வேண்டும். காற்று அடித்தால் தென்னை, பனை, ஆலமரம் எல்லாம் ஆடிக் குழம்பிப் போய்விடும். ஆற்றுத் தண்ணீரோ செம்மண் கலங்கி வரும். அந்தத் தண்ணீரில் நெகட்டிவைக் கழுவினால் கறை நிச்சயம். போதாக்குறைக்கு உடம்பும் ஒத்துழைக்கவில்லை.

ஆகஸ்ட் தொடங்கி அக்டோபர் முடிய மூன்று மாதத்தில் டிரைப்புக்கு வேலை செய்யக் கிடைத்தது மொத்தம் முப்பத்தாறு நாட்கள். மீதியை மழையும் நோயும் பிரயாணமும் தின்றுவிட்டன. ஆனாலும் 200-க்கு மேற்பட்ட நெகட்டிவ்களோடு திரும்பினார். கணக்குப் போட்டால் வேலை நாள் ஒன்றுக்கு ஐந்தாறு நெகட்டிவ். பகான் நகரத்துக் கோயில்கள், நிலநடுக்கத்தில் விரிசல் விட்ட மிங்குன் பகோடா, தலைநகரான அமரபுரத்தின் மடங்கள், ஏரியின் மேல் போகும் மரப்பாலம், ஆற்றங்கரைக் கிராமத்து வழிகள் எல்லாம் அதில் அடக்கம்.

எப்படி முடிந்தது? வெயில் வந்த பிறகு தயாராகவில்லை. மழை பெய்யும்போதே தயாராகிக் காத்திருந்தார். காகிதம் கையில், கோணம் மனதில். மேகம் விலகிய நேரம் வீண் போகவில்லை. இதைவிட நல்ல பாடம் நமக்கு வேண்டுமா?

படத்தை வெளியிட்டபோது இன்னொரு காரியமும் செய்தார். இந்தப் படங்களில் சில அழகுக்காக எடுத்தவை அல்ல, விஷயத்துக்காக எடுத்தவை என்றும், தனக்குக் கிடைத்த நாட்கள் இவ்வளவுதான் என்றும் குறிப்பு எழுதி வைத்தார். ரீடிங் எடுத்த நிலைமையையும் சேர்த்து எழுதுவதுதான் நல்ல ரெக்கார்டு.

வானத்துக்கு மேகம் பூசியவர்

இப்போது ஒரு சிக்கலான விஷயத்துக்கு வருவோம்.

சில்வர் அயோடைடு நீல ஒளிக்குத்தான் அதிகம் மயங்கும். பச்சையும் சிவப்பும் அதற்குக் கண் தெரியாது என்றே சொல்லலாம். அதனால் அந்தக் காலத்துப் படங்களில் நீல வானம் வெளுத்துப்போய் வெறும் காகிதமாக நிற்கும். மேகம் இருந்ததா இல்லையா என்றே தெரியாது. பச்சை மரங்களோ கறுப்புக் குவியலாக விழுந்துவிடும். கண்ணால் பார்த்தது ஒன்று, படத்தில் வந்தது ஒன்று. மழை மேகம் திரண்டு நின்ற அந்த ஆகாயம் எங்கே போனது?

டிரைப் தூரிகையை எடுத்தார். மெழுகுக் காகித நெகட்டிவின் மேல் நிறத்தைத் தொட்டு, வானப் பகுதியில் திட்டுத்திட்டாகப் பூசினார். பூசிய இடத்தில் ஒளி புகாது. பிரிண்ட் போட்டால் அங்கே வெள்ளை மேகம் வந்து உட்காரும். பூசாத இடம் லேசான சாம்பல் ஆகாயமாக நிற்கும். அதேபோல் இருண்ட மரங்களில் சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்தார். பிரிண்ட்டில் அவை வெயில் பட்ட இலைகளாக மின்னும். கலங்கிப்போன தண்ணீர்ப் பரப்பிலும் இப்படிச் சில தொடுதல்கள் உண்டு.

இது சரியா, தப்பா? நண்பர்களுக்குள் சண்டை போட நல்ல தலைப்பு. ஒரு பக்கம், அரசாங்கப் பதிவுக்காக எடுத்த படத்தில் இல்லாத மேகத்தை வைப்பது பொய்தானே என்று கேட்கலாம். இன்னொரு பக்கம், மேகம் உண்மையில் இருந்தது, கெமிக்கலுக்குத்தான் கண் தெரியவில்லை, அதை ஈடு கட்டினார் என்று சொல்லலாம். நமக்குத் தோன்றுவது இதுதான். கட்டடத்தின் கல்லில், தூணில், விரிசலில் அவர் ஒன்றையும் கூட்டவில்லை. அளவு பார்க்க வேண்டிய இடத்தைத் தொடாமல், வானத்திலும் இலையிலும் மட்டும் கை வைத்தார். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற எல்லை அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்குப் போனில் ஒரே தட்டில் வானத்தையே மாற்றிவிடும் நாம் அந்த எல்லையைப் பற்றி யோசிக்கிறோமா?

சூரியன் போட்ட ஆறாயிரம் பிரிண்ட்

பர்மா படங்களில் 120-ஐத் தேர்ந்தெடுத்து 50 செட் போட வேண்டும் என்று முடிவானது. அதாவது 6,000 பிரிண்ட்! மெஷின் கிடையாது. ஒவ்வொரு பிரிண்ட்டும் நெகட்டிவைக் காகிதத்தோடு சட்டத்தில் வைத்து அழுத்தி, வெயிலில் காட்டிப் பொறுமையாகக் கறுக்க வைக்க வேண்டும். இங்கேயும் வானிலைதான் எஜமான். மேகம் இருந்தால் நேரம் நீளும், மழை என்றால் வேலை நின்றுவிடும். பெங்களூரில் டிரைப்பின் பட்டறை இந்த வேலையை 1857 ஜனவரி வாக்கில் முடித்தது.

கறுத்தால் மட்டும் போதாது. அந்தக் காலத்துப் பிரிண்ட்கள் பெரும்பாலும் சில வருடத்திலேயே மஞ்சளடித்து மங்கிவிடும். காரணம், ஹைப்போவைச் சரியாகக் கழுவாமல் விடுவது. மிச்சம் தங்கும் ஹைப்போ வெள்ளியைச் சிறுகச் சிறுகக் கெடுக்கும். டிரைப் கழுவுவதில் கஞ்சத்தனம் காட்டவில்லை. தங்க உப்புக் கரைசலில் டோனிங் செய்தார். வெள்ளித் துகளுக்கு மேல் தங்கம் படிந்தால் நிறமும் உறுதியாகும், ஆயுளும் கூடும். பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாத வேலை இது. அவசரப்பட்டு விட்டுவிட்டால் அன்றைக்கு யாருக்கும் தெரியவே தெரியாது. முப்பது வருடம் கழித்துத்தான் தெரியும். அந்தப் படங்கள் இன்றும் பழுப்பேறாமல் இருப்பதற்கு இந்தக் கண்ணுக்குத் தெரியாத வேலைதான் காரணம்.

ஆறாயிரம் பிரிண்ட்டையும் அவர் ஒருவரே போட்டிருக்க முடியுமா? முடியாது. கரைசல் கலக்கியவர்கள், காகிதம் காயப் போட்டவர்கள், சட்டத்தை வெயிலுக்கு வெயில் திருப்பி வைத்தவர்கள், குடம் குடமாகத் தண்ணீர் கொண்டு வந்தவர்கள் என்று நம்ம ஊர் ஆட்கள் பலர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பெயர் மட்டும் பதிவில் நிற்கிறது. சி. ஐயாசாமி. டிரைப்பிடம் தொழில் பழகிய இவர் பிற்பாடு மதராஸ் தொழிற்கலைப் பள்ளியில் புகைப்படம் கற்றுக்கொடுத்தார். அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் தொடங்கிய அந்தப் பள்ளிதான் இன்றைக்குச் சென்னையில் அரசு கவின் கலைக் கல்லூரியாக இருக்கிறது. மற்றவர்களின் பெயர்? ஆல்பத்தில் இல்லை. கைத்தொழில் படிக்கும் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது, நண்பர்களே.

மாட்டு வண்டியில் தமிழ்நாடு

1856-இல் ஹாரிஸ் பிரபு மதராஸ் கவர்னராக இருந்தபோது, டிரைப் மாகாண அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். அந்த வருடம் ஜூலையில்தான் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்தில் இருந்து நம்ம திருவள்ளூர் வழியாக வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கியது. ஆனால் டிரைப் போக வேண்டிய தெற்குச் சீமைக்கு ரயில் இன்னும் எட்டவில்லை. மாட்டு வண்டிதான் கதி.

1857 டிசம்பரில் பெங்களூரில் இருந்து கிளம்பினார். வடக்கே சிப்பாய்களின் பெரும் எழுச்சி இன்னும் அடங்காத நேரம். பர்மாவில் மழையால் பட்ட பாடு மனதில் இருந்திருக்கும் போல. இந்தத் தடவை வடகிழக்குப் பருவமழை ஓயும் சமயமாகப் பயணம் அமைந்தது. மார்கழி, தை மாதத்துத் தெளிந்த வெளிச்சம். சேலம் ஜில்லாவில் ராயக்கோட்டை மலை, ஸ்ரீரங்கம், திருச்சி மலைக்கோட்டை, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர், திருவையாறு என்று வண்டிகள் உருண்டன.

வெயில் என்றால் எல்லாம் சுகம் என்று நினைக்காதீர்கள். மழை ஒரு விதத்தில் கெடுத்தால் வெயில் இன்னொரு விதத்தில் கெடுக்கும். சூடு ஏற ஏறத் தயாரித்து வைத்த காகிதத்தின் ஆயுள் குறையும். கரைசல்கள் வேகம் பிடித்துக் கறை போடும். வண்டிப்பாதைப் புழுதி எங்கே போய் ஒட்டும் என்று சொல்ல முடியாது. உச்சி வெயிலில் நிழல் கறுத்து, கல் வெளுத்து, சிற்பத்தின் நயமே போய்விடும். ஆகவே காலைச் சாய்வு வெயிலும் மாலைச் சாய்வு வெயிலும்தான் பொன்னான நேரம்.

மதுரையில் அவர் எடுத்த படங்கள் மட்டும் நான்கு தொகுதிகள். மீனாட்சியம்மன் கோயில், புது மண்டபம், தெப்பக்குளம், வைகை ஆறு, ஆற்றைக் கடக்கும் தரைப்பாலம் எல்லாம் உண்டு. வைகையின் பரந்த படுகையை அந்தப் படத்தில் பார்த்தால் பெருமூச்சு வரும். திருமலை நாயக்கர் மகால் அப்போது இடிபாடாகக் கிடந்தது. 1866-க்குப் பிறகு கவர்னர் நேப்பியர் காலத்தில்தான் பழுது பார்த்தார்கள். பழுது பார்க்கும் முன்னால் அந்த மகால் எப்படி இருந்தது என்பதற்கு டிரைப்பின் படங்கள் சாட்சி.

இன்னொரு விஷயம். இந்தப் படங்களில் பெரும்பாலும் ஆள் நடமாட்டமே இருக்காது. கோயில் வாசல் வெறிச்சோடி நிற்கும். நிமிடக்கணக்கில் திறந்த கேமராவுக்கு முன்னால் நடந்து போகிறவர்கள் படத்தில் பதிய மாட்டார்கள் என்பது ஒரு காரணம். கம்பெனிக்கு வேண்டியது கட்டடம், அதற்கு முன்னால் நிற்கும் குடியானவன் அல்ல என்பது இன்னொரு காரணம். ஊர் இருக்கிறது, ஊர்க்காரன் இல்லை! பட்டறை ஆட்களின் பெயர் விட்டுப்போனதும் இதுவும் ஒரே கதைதான்.

தஞ்சையில் பத்தொன்பது அடி

டிரைப்பின் சாதனைகளில் எது பெரிது என்று கேட்டால் தஞ்சாவூரைத்தான் காட்ட வேண்டும்.

1010-இல் ராஜராஜ சோழன் கட்டி முடித்த பெரிய கோயில். விமானத்தின் அடித்தளம் முழுக்கத் தமிழ்க் கல்வெட்டு. எந்த ஊர் எவ்வளவு நெல் கொடுத்தது, யார் என்ன நகை செய்து வைத்தார்கள் என்று வரிவரியாக வெட்டி வைத்த கணக்குப் புத்தகம் அது. இதை எப்படி ஒரு படத்தில் அடக்குவது?

டிரைப் ஒரு படத்தில் அடக்கவே பார்க்கவில்லை. கேமராவைச் சுவர் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வரிசையாக எடுத்தார். பிறகு 21 பிரிண்ட்களை ஓரத்தோடு ஓரம் ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். நீளம் சுமார் 19 அடி! ஒவ்வொரு தடவையும் கேமராவின் தூரம் மாறக்கூடாது, உயரம் மாறக்கூடாது, கோணம் சாயக்கூடாது. சூரியனோ நகர்ந்துகொண்டே இருக்கும். வெளிச்சம் மாறினால் ஒட்டும்போது கறுப்பும் வெளுப்புமாகத் திட்டு விழும். சர்வே பிராக்டிகலில் செயினும் லெவலும் பிடித்தவர்களுக்கு இந்த வேலையின் அருமை புரியும்.

அந்தக் கல்வெட்டுகளை ஹுல்ஷ் என்ற அறிஞர் படித்து அச்சில் கொண்டு வந்தது 1890-களில். அதற்கு முப்பது வருடத்துக்கு மேல் முன்னாலேயே, தமிழ் படிக்கத் தெரியாதவர்களும் பார்க்கும்படி அந்தச் சுவரின் ஒரு பகுதி காகிதத்தில் ஏறிவிட்டது.

1858 கோடையில் மதராஸ் வந்து சேர்ந்தார். அங்கே அருங்காட்சியகத்தில் அமராவதி பௌத்தச் சிற்பங்கள் இருந்தன. வால்டர் எலியட் 1845-இல் தோண்டி அனுப்பியவை. வருடக்கணக்கில் மதராஸ் வெயிலிலும் மழையிலும் திறந்த வெளியில் கிடந்த கற்கள் அவை. டிரைப் 75 படங்களில் அவற்றைப் பதிவு செய்தார். அடுத்த வருடமே அவற்றில் பெரும்பகுதி கப்பலேறி லண்டன் போய்விட்டது. இன்றும் பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் இருக்கிறது.

ஒரு கையெழுத்தில் மூடப்பட்ட கடை

இவ்வளவு செய்தவருக்கு என்ன கிடைத்தது? பதக்கமா, பதவி உயர்வா?

1859-இல் சார்லஸ் டிரெவெல்யன் மதராஸ் கவர்னராக வந்தார். எழுச்சியை அடக்கிய செலவில் அரசாங்கக் கஜானா காலி. சிக்கனம், சிக்கனம் என்று எங்கே பார்த்தாலும் வெட்டு. புகைப்படப் பிரிவு அவருக்கு ஆடம்பரமாகத் தெரிந்தது. மூடச் சொல்லிவிட்டார். 1860-க்குள் எல்லாம் முடிந்தது. உபகரணம், கெமிக்கல், பழகிய ஆட்கள் எல்லாம் கலைந்து போயின. டிரைப்புக்கு அப்போது வயது 38 கூட இல்லை. இந்தியாவில் அவர் முழு மூச்சாகப் படம் எடுத்தது ஆறு வருடம் கூட முழுதாக வரவில்லை.

அவர் படைக்கே திரும்பிப் போனார். அதன் பிறகு கேமராவைத் தொட்டது அபூர்வம். 1870-களில் ஓய்வு பெற்று, பிறந்த ஊரான டெவன்போர்ட்டில் போய் அமர்ந்தார். 1902 மார்ச் 2 அன்று, எண்பது வயதை எட்டும் சமயத்தில் இறந்தார். அவர் இறந்தபோது அவரைப் புகைப்படக்காரர் என்று நினைத்தவர்கள் வெகு சிலர்.

ஆனால் கழுவிய கழுவலும் போட்ட தங்கமும் வீண் போகவில்லை. ஆல்பங்கள் நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் பத்திரமாக இருந்தன. 2014-இல் வாஷிங்டனில் தொடங்கி, 2015-இல் நியூயார்க், லண்டன் என்று அவருடைய படங்களுக்கே தனிக் கண்காட்சி நடந்தது. கஜானாவுக்குப் பாரம் என்று மூடிய கவர்னரின் சிக்கனக் கணக்கை இன்று யாரும் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்ப்பதில்லை!

நாம் செய்ய வேண்டியது

நண்பர்களே, டிரைப் ஆங்கிலேயர், கம்பெனிச் சிப்பாய், ஆளுகிறவர்களுக்காக வேலை செய்தவர். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தொழிலில் அவர் காட்டிய நேர்மை நமக்கும் சொந்தம். வானம் ஒத்துழைக்காவிட்டாலும் தயாராக இருந்தது, கிடைத்த நாளையும் நிலைமையையும் மறைக்காமல் எழுதி வைத்தது, யார் கண்ணிலும் படாத கடைசி வேலையைக்கூட ஒழுங்காக முடித்தது, இவையெல்லாம் டர்னிங்கில் இருந்து டிராயிங் ஷீட் வரை நமக்குப் பொருந்தும்.

நம்ம சுற்றுவட்டாரத்தைப் பாருங்கள். ஆரணி ஆறு, கொசஸ்தலை ஆறு, பூண்டி நீர்த்தேக்கம், பழவேற்காட்டுப் படகுகள், பூநாரை வந்து இறங்கும் ஏரி, நெல் வயலுக்கு அந்தப் பக்கம் சிப்காட் புகைபோக்கி. ஐந்து வருடம் கழித்து இதில் எது எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? இந்த ஏரி முன்னால் எவ்வளவு தூரம் இருந்தது என்று கேட்டால் ஊர்ப் பெரியவர்கள் கையை நீட்டித்தான் காட்டுகிறார்கள். படம் காட்ட முடியவில்லை. கையில் கேமரா இல்லாத காலம் அது. நம்ம கையில்தான் இப்போது இருக்கிறதே!

மழை வரும் முன் ஒன்று, வந்த பின் ஒன்று, வெயில் காய்ந்த பின் ஒன்று என்று ஒரே இடத்தில் நின்று எடுங்கள். எடுத்த தேதி, நேரம், எங்கே நின்று எடுத்தது என்று எழுதி வையுங்கள். வானத்துக்கு மேகம் பூசுவதானால் பூசுங்கள், பூசினேன் என்று அதையும் எழுதுங்கள். முக்கியமாக, வரப்பில் நிற்கும் மனிதரை ஒதுங்கச் சொல்லாதீர்கள். அவர் சம்மதித்தால் அவரையும் சேர்த்து எடுங்கள். பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். டிரைப்பின் ஆல்பத்தில் விட்டுப்போன பெயர்கள், நம்ம ஆல்பத்திலாவது விட்டுப்போகாமல் இருக்கட்டும்.